பள்ளத்தை மூடிய ஊதாப்பூ

ரஹாங்கில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் வாசலில் ஒரு சிமெண்டுச் சாடி வைத்திருக்கிறாள். அதில் தண்ணீர் நிரப்பி ஆகாயத்தாமரைச் செடியை மிதக்க விட்டிருக்கிறாள். பூச்செடிக் கடையில் வாங்கினாளாம். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க ஆன்ட்டி. தண்ணி மட்டும் ஊத்தினா போதும் லா, வேற ஒண்ணும் பார்க்க வேணாம்" என்றாள். எனக்கு அந்தச் சாடியைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. இந்த வயதில் காலைத் தூக்கினால் நான்தான் விழுவேன். அதனால் பல்லைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று அவள் சொன்னது மெத்தச் சரி. அந்தச் செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர்கள்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன ரப்பர்த் தோட்டம் மந்தின் ஊரைத் தாண்டி இருந்தது. கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள் மேட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. மேட்டுக்குக் கீழே ஒரு பெரிய சதுப்பு. அதை நாங்கள் பள்ளம் என்போம். ஒரு பக்கம் ஓடை வந்து அதில் விழும். மறுபக்கம் தோட்டத்துக்காரர்கள் வெட்டிய வடிகால் வழியாகத் தண்ணீர் வெளியேறும். அந்த வடிகாலைக் காண் என்போம். இடுப்பளவு சேறு, ரப்பர் நட முடியாது. அதனால் வெள்ளைக்காரத் துரை பள்ளத்தைத் தொடாமல் விட்டிருந்தார். எங்களுக்கு அவர் செய்த ஒரே நல்லது அதுதான் என்று நினைக்கிறேன், அதுவும் தெரியாமல் செய்தது.

பள்ளத்தில் கரையோரம் கோரை. அதை அடுத்துக் கங்கோங். ஊரில் வள்ளைக்கீரை என்பார்களே, அதுதான். சேற்றில் வேர் பிடித்துத் தண்ணீர்மேல் கொடி ஓட்டும். தண்டு உள்ளே வெறும் குழாய், அதனால் மிதக்கும். அதற்கும் அப்பால், ஆழத்தில், வெள்ளை அல்லி. அல்லிக்குக் கீழே விரால் மீன். ஒன்றுக்கொன்று பாசம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. ஆனால் எத்தனையோ காலமாகச் சேர்ந்து கிடந்து, எது எந்த ஆழத்தில் இருக்க வேண்டும் என்று அவற்றுக்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. நாங்கள் எவ்வளவு கிள்ளினாலும் கங்கோங் அடுத்த வாரம் தழைத்திருக்கும்.

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிப் போய்விட்டார். ரப்பர் பால் எடுப்பது நின்றது, கூலி நின்றது, அரிசி நின்றது. லயனைச் சுற்றி மரவள்ளி நட்டோம். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. கை கால் எல்லாம் வீங்கிப் போனவர்கள் உண்டு. பிள்ளைகளை ஓரளவு நடமாட வைத்தது பள்ளத்துக் கங்கோங்கும், எப்போதாவது தூண்டிலில் சிக்கும் விராலும்தான். அந்தக் காலத்தில் எங்கள் அரிசி மூட்டை, மருந்துக் கடை, கறவை மாடு எல்லாமே அந்தப் பள்ளம்தான்.

எனக்கு அப்போது ஒரு பெண் குழந்தை, நடை பழகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பால் வற்றிவிட்டது. மரவள்ளிக் கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஒரு கங்கோங் தண்டை நறுக்கிக் கஞ்சியில் வைத்து, அவள் வாயில் மறுநுனியைக் கொடுத்தார். உறிஞ்சினாள். கஞ்சி வாய்க்கு வந்ததும் அவளுக்கு ஒரே ஆச்சரியம். அன்று முதல் அந்தக் குழாய் இல்லாமல் கஞ்சி உள்ளே இறங்காது. குடித்து முடித்ததும் குழாயையும் மென்று தின்றுவிடுவாள்.

என் வீட்டுக்காரர் மந்தின் சாலையில் ஒரு சீனரின் பன்றிப் பண்ணைக்கு விறகு பிளந்து கொடுக்கப் போவார். ஒரு நாள் அதற்குக் கூலியாக ஒரு பன்றிக் குட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு கோணிப்பை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே உப்பிய காம்புகளோடு பச்சைச் செடி. ஒன்றில் ஊதா நிறத்தில் கொத்தாகப் பூ.

"என்னங்க இது, தாமரையா?"

"தாமரையும் இல்ல, கீமரையும் இல்ல. பன்னிக்குத் தீனி. சீனன் இதத்தான் வேக வச்சுப் போடறான். பாபி சுக்கா மாக்கான்னு சொன்னான். பன்னி ஆசையாத் திங்குமாம். பள்ளத்துல போட்டா தானா வளரும். நம்ம மரவள்ளிய பன்னியோட பங்கு போட வேணாம் லா. அது அவ்வளவும் புள்ளைக்கு."

நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் மூங்கிலை வெட்டிச் சதுரமாகக் கட்டி, பள்ளத்தின் ஓரத்தில் மிதக்க விட்டு, செடியை அதற்குள் போட்டார். சதுரத்தைத் தாண்ட விடாதே என்று சீனர் சொல்லியனுப்பினாராம். மாலையில் ஒரு கை அள்ளி வந்து வேக வைத்தால் குட்டி மூக்கை நுழைத்துக்கொண்டு தின்னும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து குழாயில் கஞ்சி குடிப்பாள். பஞ்ச காலத்திலும் எங்களுக்கு அப்படிச் சில மாலைகள் வாய்த்தன.

பிறகு சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, ரயில் பாதை போடுவது, அரிசி உண்டு என்று சொல்லி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடக்கக்கூடிய ஆண்கள் எல்லாரும் ஏற வேண்டியதுதான். மாட்டேன் என்று சொன்னால் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் மகளை இறக்கி என் கையில் கொடுத்தார்.

"பன்னிய வெட்டிடாத. பெருத்ததும் சீனன்கிட்டக் குடுத்து அரிசி வாங்கு. இவளுக்கு ரெண்டு வாய் சோறு ஊட்டு. நான் திரும்பி வரப்ப இவ என்னைப் பார்த்து ஓடி வரணும்."

அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது. எனக்கும் அதன்பிறகு வேறு வேலை இல்லை. அவர் வருகிற வரை அந்தக் குழந்தையை ஓடுகிற கால்களோடு வைத்திருக்க வேண்டும்.

லாரி போன கொஞ்ச நாளில் ஜப்பான் சிப்பாய்கள் வந்து பன்றிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தின்ன ஆளில்லாத தீனி சதுரத்துக்குள் மூச்சு முட்ட நெருக்கிக்கொண்டு வளர்ந்தது. மழை வந்தது. ஓடை பெருகி மூங்கில் கட்டு அவிழ்ந்தது. செடி வெளியே மிதந்தது.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். மாரியம்மனுக்கு வைக்கப் பூ கிடைத்தது என்று பெண்கள் பறித்துப் போனார்கள். அதற்குள் அது வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு செடி பக்கத்தில் ஒரு கையை நீட்டும். அந்தக் கை நுனியில் ஒரு குட்டி. குட்டி உப்பியதும் அதுவும் ஒரு கையை நீட்டும். கங்கோங் கொடியின் மேல் இந்த உப்பிய காம்புகள் ஏறி உட்கார்ந்தன. கொடி பாவம், வெளிச்சத்தைத் தேடி நீண்டு நீண்டு பார்த்தது. தண்டு மெலிந்தது, இலை சிறுத்தது, மஞ்சளித்தது. அல்லி இலை தண்ணீரில் படிந்து கிடப்பது; அதற்குத் தலை தூக்கவே தெரியாது. ஆகாயத்தாமரை அதை மிதித்துக்கொண்டு போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் பள்ளம் சுருங்கியது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவள் கணவனும் அதே லாரியில் போனவன்தான். ஒரு நாள் அவள் வெறுங்கூடையோடு பள்ளத்திலிருந்து ஏறி வந்து என் வாசலில் நின்று கத்தினாள்.

"உன் புருஷன் போனதுதான் போனான், எங்க வயித்துல மண்ண அள்ளிப் போட்டுட்டுல்ல போயிட்டான்! பன்னி வளத்தானாம் பன்னி!"

"உன் புருஷனுந்தான் போனான், அவன் உனக்கு என்னத்த வச்சுட்டுப் போனான்?" என்று நானும் கத்தினேன். என் வாய் அப்போதே இப்படித்தான். ஆனால் உடனே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் சொன்னது பொய் என்றால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தோட்டத்தில் ஆண் என்று மிஞ்சியிருந்தவர் புல்லு வெட்டு மண்டோர். ஒரு கால் ஊனம். அதனால் சயாமுக்குத் தப்பினார். ரப்பர்க் காட்டில் களையெடுக்கிற பெண்களை வேலை வாங்குவதுதான் அவர் பிழைப்பு. லாலாங் புல்லையும் முள்ளுச் செடியையும் அழித்தே மனிதருக்கு வயதாகிவிட்டது. அவர் எங்கள் எல்லாரையும் பள்ளத்தில் இறக்கினார்.

"எந்தக் களையா இருந்தாலும் வெட்டினா சாவும். நறுக்கு, நறுக்கித் தண்ணியோட தள்ளு. காண் இழுத்துக்கிட்டுப் போயிரும்."

நாங்களும் அந்த வேலை தெரிந்தவர்கள்தான். வரிசையாக நின்று, அரிவாளும் மண்வெட்டியுமாக, ரப்பர்க் காட்டில் எப்படி வெட்டுவோமோ அப்படியே வெட்டினோம். காட்டில் களையை வெட்டி வேரை வெயிலில் காட்டினால் அது செத்தது. இதற்கு வேர் மண்ணிலேயே இல்லை. தண்ணீரில் கறுப்புத் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வெட்டியது தாயையும் குட்டியையும் இணைத்த கையை மட்டும்தான். ஒட்டிக்கொண்டு கிடந்த குட்டிகள் ஒவ்வொன்றும் விடுதலையாகி, நாங்கள் தள்ளிய பக்கமெல்லாம் மிதந்தன. அதுவரை செடி எட்டாத மூலைகளுக்கு நாங்களே அவற்றை வழியனுப்பி வைத்தோம். முதுகு ஒடிய ஒடிய.

மிச்சம் போய்க் காண் வாயில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடியாமல் ஏறியது. வாரி எடுத்துக் கரையில் குவித்தோம். அடுத்த மழை குவியலைக் கழுவிப் பள்ளத்துக்கே திருப்பிக் கொடுத்தது. மண்டோர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் எங்களை எதற்கும் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தேடி வந்தாள். சண்டைக்குப் பிறகு முதல் முறையாக. "ஓடை விழுற மூலையில இன்னும் கொஞ்சம் கீரை இருக்கு. வேலி கட்டலாமா?" என்றாள். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மூங்கில் வெட்டினோம். சேற்றில் நெருக்கமாக ஊன்றி, குறுக்கே மூங்கில் பிளாச்சு வைத்து வாழை நாரால் கட்டினோம். உள்ளே இருந்த ஆகாயத்தாமரையை இந்த முறை வெட்டாமல், கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, மேட்டுக்குச் சுமந்து போய் வெயிலில் பரப்பினோம். அப்படித்தான் அது செத்தது. கண்டுபிடிக்க எங்களுக்கு அத்தனை காலம் ஆகியிருந்தது.

வேலிக்குள் கங்கோங் மறுபடி துளிர்த்தது. முதலில் கிள்ளியதில் ஒரு பருத்த தண்டை எடுத்து வைத்தேன். மகள் அதைப் பார்த்ததும் "குழா!" என்று கத்தினாள். அவளுக்கு அப்போது பேச்சு வந்திருந்தது. கஞ்சி முழுவதும் குடித்தாள். ஓடவும் செய்தாள், லயனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. அவர் வரும்வரை தாக்குப் பிடித்துவிடலாம் என்று அன்று நம்பினேன்.

அந்த ஆண்டு பெருமழை. வெள்ளத்தோடு காற்றும் சேர்ந்துகொண்டது. பள்ளம் முழுக்க மூடிக் கிடந்த பச்சை ஒரே பாயாக எழும்பி, மூலையைப் பார்த்து நகர்ந்து வந்தது. நாங்கள் இருவரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தள்ளினோம். அதன் கனம் எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. மூங்கில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பாய் வேலியின் மேல் ஏறி, கீரையின் மேல் படுத்துக்கொண்டது. வெள்ளம் வடிந்த பிறகு அடியில் கையை விட்டு இழுத்துப் பார்த்தேன். வெளுத்த தண்டுகள் நாற்றத்தோடு கையோடு வந்தன. அக்கா கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

விரால் மட்டும் சாகவில்லை. பாய்க்கு அடியில் அது வாயைத் திறந்து காற்றுக் குடிக்கும் சத்தம் கேட்கும். தூண்டில் முள் உள்ளே இறங்காது, வலை இறங்காது. மீன் இருப்பது காதுக்குத் தெரியும், வயிற்றுக்குக் கிடைக்காது.

அந்தச் செடியையே வேக வைத்துப் பார்த்தேன். பன்றி தின்றதை நாம் தின்றால் என்ன என்று. தொண்டை அரித்தது. மகளுக்கு ஒரு வாய் கொடுத்ததும் வாந்தியெடுத்துவிட்டாள். பிறகு வெறும் மரவள்ளிக் கஞ்சி. கொட்டாங்கச்சியை வாயருகே கொண்டு போனால் "குழா எங்கம்மா?" என்பாள். பப்பாளிக் காம்பை நறுக்கிக் கொடுத்தேன். கசந்தது, துப்பிவிட்டாள். "நாளைக்கு, கண்ணு" என்று சொல்வேன். அவள் ஓடுவது நின்றது. பிறகு நடப்பது நின்றது. வயிறு மட்டும் பெரிதாகி, லயன் வாசலில் உட்கார்ந்தே இருப்பாள்.

பிறகு குளிர்காய்ச்சல். அது அந்த வருடம் எல்லா வீட்டுக்கும் வந்தது. கொசு மருந்து அடிக்க ஆள் இல்லை, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை இல்லை. செய்யாத குற்றத்தைச் செடியின் மேல் சுமத்த மாட்டேன். காய்ச்சல் கொசுவுக்கு அந்த மூடிய பள்ளம் பிடிக்காது என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் வயிற்றில் ஏதாவது இருந்த பிள்ளைகள் நடுங்கி எழுந்து உட்கார்ந்தன. என் மகள் எழவில்லை. ஒரு மத்தியானம் என் மடியில் கிடந்து, கண்ணைத் திறந்தபடியே போய்விட்டாள். பள்ளத்துக்கு மேலே சரிவில், ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்தோம். குழி வெட்டியது பக்கத்து வீட்டு அக்காவும் மண்டோரும்.

ஜப்பான்காரன் தோற்றான் என்று தம்பின் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். எனக்கு அது யாரோ வீட்டுச் செய்தி. சயாமுக்குப் போனவர்களில் யாரும் வரவில்லை, வரமாட்டார்கள் என்றே லயனில் எல்லாரும் இருந்துவிட்டோம். பக்கத்து வீட்டு அக்காவின் கணவன் வரவே இல்லை.

என் வீட்டுக்காரர் வந்தார். நான் மரவள்ளி தோண்டிக்கொண்டிருந்தேன். காண் ஓரமாக, பள்ளத்தைச் சுற்றி ஒருவர் தடியை ஊன்றி நடந்து வந்தார். காலில் துணி சுற்றிய புண். முகத்தில் எலும்பு மட்டும். என்னிடம் வருவதற்கு முன் அவர் நின்று பள்ளத்தைப் பார்த்தார். பூக்கிற காலம் அது. கரையிலிருந்து கரை வரை ஊதா. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

"செடி நல்லாப் பிடிச்சிருச்சே, புள்ள" என்றார். "அங்க கெடக்கறப்பல்லாம் இதத்தான் நெனச்சுக்குவேன். பன்னிக்கு இது போதும், மரவள்ளி அவ்வளவும் புள்ளைக்குத்தான்னு. அந்த நெனப்புலதான் உசுரோட வந்தேன்."

என் பின்னால் லயன் பெண்கள் கூடிவிட்டார்கள். அவரை நாள் தவறாமல் திட்டிய வாய்கள் அத்தனையும் அங்கே இருந்தன. யாராவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று நான் பயந்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா, வயிற்றில் மண் போட்டான் என்று கத்தினாளே அவள்தான், மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னாள். அதன்பிறகு அவர் காதுபட யாரும் பள்ளத்தைப் பற்றிப் பேசியதில்லை.

"எங்க அவ?" என்று அவர் கேட்டார். "ஓடி வரலியே?"

காய்ச்சல் என்று சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். அவர் தடியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பல வருடம் அதே தோட்டத்தில் இருந்தோம். எனக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தச் செடி செய்தது அவர் சாகும்வரை அவருக்குத் தெரியாது. காலையில் பால்வெட்டு முடிந்ததும் பள்ளத்தில் இறங்கி, நல்லதாக ஒரு பூக்கொத்தைப் பார்த்துப் பறிப்பார். சரிவில் ஏறிப் போய் மகளைப் புதைத்த இடத்தில் வைப்பார். மேட்டில் வேறு பூ ஏது? நான் வாளியோடு கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பூ வெயில் தாங்காது. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுருங்கிவிடும். மறுநாள் வேறு பறித்துக்கொள்வார். அதற்குப் பள்ளத்தில் ஒரு நாளும் குறைவிருந்ததில்லை.